அத்தை வாங்கிய கல்லறை

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வாங்கியிராத விலையுயர்ந்த பொருளை வாங்கியவள் என் அத்தை. அது ஒரு கல்லறை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வருகிற தெம்போடு இருந்தபோதே, தனக்கென்று, ரொக்கம் கொடுத்து வாங்கினாள்.

ஊதாரித்தனம் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம். இன்னார் மகன் தகுதிக்கு மீறிக் கார் வாங்கினான், இன்னார் மருமகள் ஒரே ஒரு கல்யாணத்துக்கு உடுத்த அத்தனை ரூபாய்க்குப் புடவை எடுத்தாள் என்று ஆளாளுக்கு அடுக்குவார்கள். என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னால் சபை கப்சிப் என்று அடங்கிவிடும். அதனாலேயே சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. மைசூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு வட்டாராவில். நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். அப்படிப்பட்ட குடியிருப்புக்கு அந்த ஊரில் வட்டாரா என்று பெயர். பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் கன்னடக்காரர்கள். ஒரு வீட்டில் எதை வாங்கினாலும் மற்ற வீடுகள் விலை கேட்காமல் விடாது. ரயில்வே பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கைக்கடிகாரம் வாங்கினார். எங்கும் போக அவசரமில்லாதவர்கள் எல்லாம் அவரை வழிமறித்து மணி கேட்டு உயிரை வாங்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மைசூர்ப் பட்டு எடுத்தாள். இவ்வளவு செலவாளியை எவன் கட்டுவான் என்று ஊர்ப் பெண்கள் அங்கலாய்த்தார்கள். ரேடியோ வாங்கிய வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே அவர் ஜன்னலடியில் உட்கார்ந்து எல்லோரும் பாட்டுக் கேட்டார்கள். இதெல்லாம் ஒரு மாதப் பேச்சு. அத்தை வாங்கியதைப் பற்றிய பேச்சு மட்டும் ஓயவே இல்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன் அரண்மனை பேண்டில் வாத்தியம் வாசித்தவர். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அவர் போய்விட்டார். அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. அதையும் பிளேக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா வேலையில் சேர்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் பேசிய முதல் வார்த்தையே தமிழ் என்று பெருமையடித்துக்கொள்வாள்.

சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள். அத்தையின் துரைசானியும் பெட்டி கட்டினாள். போகும்போது அத்தையின் கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தாள். அப்பாவின் மாதச் சம்பளம் அப்போது அறுபது ரூபாய்க்குள். அந்தத் தொகையை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் வீட்டில் அதுவரை நூறு ரூபாய் நோட்டை யாரும் தொட்டதில்லை.

ஆளுக்கொரு கனவு கண்டோம். ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மைசூரில் அதைச் சைட் என்பார்கள். மைசூர்க்காரனுக்குச் சைட் ஆசை கூடப் பிறந்தது. அப்பா சாயங்காலம் பட்டறையிலிருந்து நேராக அங்கே போய், குச்சி நட்ட வெற்று நிலத்தைப் பார்த்துவிட்டு வருவார். அம்மாவுக்கு என் கல்யாண நகைக் கவலை. எனக்கு டீச்சர் டிரெயினிங். அத்தை எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு உம் கொட்டினாள். மறு மாதம் மாதா கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் பணம் கட்டிக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம் வாங்கி, கொத்தனாரையும் கல் தச்சரையும் அமர்த்திவிட்டு வந்தாள். எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது குழிக்குள் செங்கல் சுவர் எழும்பிவிட்டது.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அக்கா சைட் வாங்கிட்டா. ஆறடிக்கு மூணடி" என்று மட்டும் சொன்னார். அதோடு அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை. அவர் பார்த்து வைத்திருந்த நிலத்தில் இன்று மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கல்லறை என்னவோ ஜோராகத்தான் இருந்தது. உள்ளே செங்கல், மேலே ஒரே பலகையாகக் கருங்கல், தலைமாட்டில் சிலுவை. கல்லை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாம் பெரிய உத்தியோகத்திலிருந்து போனவர்கள். அந்த வரிசையில் ஓர் ஆயாவுக்கு இடமா என்று கோவிலில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்றைக்கு முன்பாகவே அவரவர் தங்கள் வீட்டு ஆட்களின் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள். திருநாளன்று பூவும் மெழுகுத்திரியும் வைத்து, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை காத்து நிற்பார்கள். அந்த வருஷம் அத்தை தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை சம்பங்கியும் ஒரு கட்டு மெழுகுத்திரியும் வாங்கி வந்தாள். நேராகப் போய்த் தன் காலிக் கல்லறையில் பூவைப் பரப்பி, திரிகளைக் கொளுத்திவிட்டுப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். கூட்டம் கூடிவிட்டது. உயிரோடு இருக்கிறவள் தனக்கே திரி கொளுத்தலாமா, இது தரித்திரம் இல்லையா என்று ஆளாளுக்குக் கூச்சல். சாமியார் தீர்த்தத்தோடு அந்த வரிசைக்கு வந்து, அத்தையைப் பார்த்து, அங்கே மட்டும் தீர்த்தம் தெளிக்காமல் தாண்டிப் போனார். அம்மா அவமானம் தாங்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் அத்தையிடம் சண்டை பிடித்தேன். என் படிப்பை மண்ணில் புதைத்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவள் குழந்தையைப் புதைத்தது இலவச மண்ணில். அங்கே சில வருஷம் போனால், இடம் போதாமல் மறுபடி தோண்டி வேறு ஆளை வைப்பார்கள். அது அவளுக்குத் தெரியாது. ஒரு கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு வாளியோடு போயிருக்கிறாள். குழந்தை இருந்த இடத்தில் ஈரம் காயாத மண்மேடு, யாரோ ஒரு கிழவரின் பேர் எழுதிய மரச் சிலுவை. குழி வெட்டுகிறவனைப் பிடித்துக் கேட்டதற்கு, சுவரோரம் எலும்புகளைக் கொட்டுகிற பள்ளத்தைக் கை காட்டியிருக்கிறான். அதில் எது தன் பிள்ளை என்று அத்தைக்குத் தெரியவில்லை.

"கட்டின கல்லறைய யாரும் தோண்ட மாட்டாங்க பாப்பா. எத்தன வருஷம் ஆனாலும் அவங்கவங்க எடம் அவங்களுக்கு" என்றாள்.

கேட்டபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. செத்த பிறகு எங்கே கிடந்தால் என்ன என்று நினைக்கிற வயது எனக்கு.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஜுரம் வந்தது. சாதாரணச் சளி என்று பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நெஞ்சில் கட்டிக்கொண்டு மூச்சு முட்டிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. தம்பி பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். விடிந்ததும் கோவில்பிள்ளை வந்தார். கோவில் வேலைகளையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். எந்த இடத்தில் குழி வெட்டச் சொல்வது என்று தணிந்த குரலில் கேட்டார். இலவச மண்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் பெட்டிக்குக் கொடுக்கவே காசில்லை, பட்டறை ஆட்கள் வசூல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து போய், சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தையின் முன்னால் நின்றாள். வீடு நிறைய ஆட்கள்.

"அண்ணி, உங்க தம்பிய உங்க கல்லறையில வைக்கலாம். உங்க கூடப் பொறந்தவருதானே" என்றாள்.

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவில்பிள்ளை குறுக்கிட்டு, ஒருவரை உள்ளே வைத்தால் பதினைந்து வருஷத்துக்கு மூடியைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தைக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. பதினைந்து வருஷத்துக்குள் அவள் போய்விட்டால் இலவச மண்தான் கதி. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சம்மதித்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்.

அத்தை கடைசியில் பேசினாள். "அவனுக்கு நீ இருக்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு. எங்க வச்சாலும் இங்கதான் இருக்கான்னு கை காட்ட மூணு பேரு இருக்கீங்க. எனக்கு யாரும்மா இருக்கா? நான் தரமாட்டேன். கேக்காத."

வாசலில் யாரோ சீ என்றார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, அவ்வளவு அமைதியாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை, "சரிங்க அண்ணி. ஆனா உங்களுக்கு அதுல படுக்கக் குடுத்து வைக்காது" என்றாள்.

அப்பாவை இலவச மண்ணில் வைத்தோம். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. பெட்டியை இறக்கியபோது சேறு மேலே ஏறியது. அந்த வரிசைக்கு நேர் எதிரே அத்தையின் கருங்கல் பலகை மழையில் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாகத் தெரிந்தது. எனக்கு அதன்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அதன்பிறகு அம்மா அத்தையிடம் பேசவில்லை. ஒரே அறையும் சமையலறையுமாக உள்ள வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. தட்டை நகர்த்துவாள், கதவைச் சாத்துவாள், வாய் திறக்க மாட்டாள். சொல்ல வேண்டியதை எங்கள் மூலம் சொல்லி அனுப்புவாள். வட்டாராவிலும் யாரும் அத்தையை மதித்துப் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள்.

அந்த அத்தைதான் எங்களுக்குச் சோறு போட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா போன பத்தாம் நாளே வேலை தேடிக் கிளம்பிவிட்டாள். வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஆயாக்களுக்கு மவுசு குறைந்திருந்தது. கடைசியில் மத்திய சர்க்கார் அதிகாரி ஒருவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். அவள் சம்பளம் முழுவதும் அம்மாவின் டப்பாவில் விழுந்தது. அவள் போட்ட காசில் தம்பி பள்ளிக்கூடம் போனான், நான் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தேன். அவளைத் திட்டிக்கொண்டே அவள் சோற்றைத் தின்றோம். கட்டிய கல்லறையைத் தன் தம்பிக்குத் தராதவள், இருக்கிற தெம்பையெல்லாம் அவன் பிள்ளைகளுக்குக் கொட்டினாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

அந்த அதிகாரிக்கு நாக்பூருக்கு மாற்றலாயிற்று. கூட வந்தால் சம்பளத்தை ஏற்றித் தருவதாக அத்தையிடம் சொன்னார்கள். அவளுக்குப் போக மனசில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மைசூரை விட்டு அவள் ஒரு நாளும் வெளியே போனதில்லை. எனக்கு டிரெயினிங் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. "ஒரு வருஷந்தானே, போய்ட்டு வந்துர்றேன்" என்று என்னிடம் சொன்னாள். அம்மாவின் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. ஸ்டேஷனுக்கு நானும் தம்பியும்தான் போனோம். வண்டி புறப்படுகிற சமயத்தில், கல்லறை இடத்து ரசீது தகரப்பெட்டியில் இருக்கிறது, பத்திரம் என்று சொன்னாள்.

மாதாமாதம் மணியார்டர் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாள். அதன் அடியில் யாரையோ பிடித்து எழுதச் சொன்ன ஒற்றை வரி இருக்கும். சுகம், பிள்ளைகள் சுகமா என்று. அம்மா பதில் எழுதச் சொல்லவில்லை. நானாக இரண்டு தடவை எழுதினேன்.

வெயில் காலத்தில் தந்தி வந்தது. தபால்காரர் முகத்தைப் பார்த்ததுமே அம்மா உட்கார்ந்துவிட்டாள். அத்தை விஷ ஜுரத்தில் இறந்துவிட்டாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்று நான் படித்துச் சொன்னேன். அந்த வெயிலில் வைத்திருக்க முடியாதுதான். அத்தனை தூரத்திலிருந்து மைசூருக்குக் கொண்டுவர யாரால் முடியும்? அவர்கள்மேல் குற்றமில்லை. அம்மா அழவில்லை. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, கண்கள் மட்டும் பெரிதாக விழித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

எந்தக் கோவிலைச் சேர்ந்த தோட்டம், எந்த இடம் என்று கேட்டு அந்த அதிகாரிக்கு எழுதினேன். எல்லாம் முறைப்படி செய்யப்பட்டது, வருந்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. இடத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மறுபடி எழுதினேன். அவர்கள் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள்.

நான் ஆசிரியை ஆனேன். தம்பி வளர்ந்தான். வட்டாராவை விட்டுக் கொஞ்சம் பெரிய வீட்டுக்குப் போனோம். அத்தையின் பேரை அம்மா எடுப்பதில்லை. நாங்களும் எடுக்கமாட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கோவில்பிள்ளை எங்களை நிறுத்தினார். அப்பா இருக்கிற வரிசையைத் தோண்டப் போகிறார்கள், சாமியார் முடிவு செய்துவிட்டார் என்றார். அவர் நல்ல மனுஷர். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறார். பிறகு அவரே வழியும் சொன்னார். அவருடைய அக்காவின் கல்லறை இத்தனை வருஷமாகக் காலியாகத்தானே கிடக்கிறது, ரசீது உங்களிடம் இருக்கிறது, குழியில் கிடைக்கிற எலும்புகளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அதற்குள் வைத்துவிடலாம், சாமியாரும் சம்மதிப்பார் என்றார்.

சரி என்று சொல்லவே வாயெடுத்துவிட்டேன்.

"பேடா" என்றாள் அம்மா. கோவில்பிள்ளை கன்னடக்காரர், அதனால் அவரிடம் கன்னடத்தில் வேண்டாம் என்றாள். பிறகு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். உனக்கென்ன பைத்தியமா, அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது கெஞ்சினாயே, இப்போது தடுக்க யார் இருக்கிறார்கள், அப்பாவைச் சுவரோரப் பள்ளத்தில் கொட்டட்டும் என்கிறாயா என்று கேட்டேன். வீம்பு என்றேன். செத்தவளோடு உனக்கு என்ன வீம்பு என்றேன். தம்பியும் என் பக்கம் பேசினான். அம்மா கேட்டுக்கொண்டே சேலையை மாற்றினாள், மடித்து வைத்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

அதற்கடுத்த வாரம் அப்பாவின் மண்ணைத் தோண்டினார்கள். அம்மா வரவில்லை. நான் போனேன். பெட்டியின் மரம் மக்கிப்போயிருந்தது. வேலையாள் பொறுமையாகத்தான் அள்ளினான், ஆனால் கூடையைச் சுவரோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தபோது நான் திரும்பிக்கொண்டேன். அத்தை சொன்ன அதே பள்ளம்தான் அது. இப்போது அப்பா எங்கே என்று கேட்டால் கை காட்ட எனக்கும் இடமில்லை. எதிரே அத்தையின் கல்லறை உள்ளே யாருமில்லாமல், பாசிகூடப் பிடிக்காமல் கிடந்தது. அம்மா எனக்குத் தெரியாமல் யாரையோ அனுப்பிக் கழுவ வைத்திருக்கிறாள் என்று தம்பி பிறகு சொன்னான்.

எனக்கு அம்மாமேல் கோபம் தீரவே இல்லை. அத்தைமேல் இருந்ததைவிட அதிகமான கோபம். ஆனால் அன்று அடுப்படியில், நான் கத்தி ஓய்ந்த பிறகு அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"அது அண்ணியோட எடம். அவங்க ஊர்ல இல்ல, அவ்வளவுதான். இல்லாத நேரம் பாத்து வேற ஆள வைக்கச் சொல்றியா?"